ஆயில் வெளுத்தால் எஞ்சின் தீர்ந்ததா?
‘ஆயில் பால்போல் வெளுத்தால் லாரி எஞ்சின் தீர்ந்தது, பழைய எஞ்சின் வாங்கி மாற்றுவதே மலிவு’ என்று சிலர் சொல்வது தவறான வழிகாட்டல். வெளுத்த ஆயில், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) கலந்திருப்பதைக் காட்டுகிறதே தவிர, எங்கிருந்து கலந்தது என்பதைச் சொல்வதில்லை. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு), வெட் லைனரின் (பிஸ்டன் ஓடும், வெளிப்புறம் கூலன்ட் சூழ்ந்த உருளையின்) அடியிலுள்ள ரப்பர் வளையம், ஆயில் கூலர் (கூலன்ட்டைக் கொண்டு ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி) ஆகிய எதுவும் காரணமாகலாம். ஆயில் கூலரைக் கழற்றி, ஆயில் செல்லும் வழியின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அப்படி வந்தால் அந்தக் கூலரை மாற்றினால் போதும். பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) கடைசி அண்டர்சைஸையும் (கடைந்து சிறிதாக்கக்கூடிய கடைசி அளவையும்) தாண்டித் தேய்ந்திருந்தாலோதான் மாற்று எஞ்சினைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் புதிய எஞ்சின் எண்ணை ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்தில் பதிந்தாக வேண்டும். காரணம் தெரியும்வரை வண்டியைத் தயவுசெய்து ஓட்டாதீர்கள். அந்த ஆயிலில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் தாங்காது.