மூன்று கட்டு, ஐந்து உதிரி
'செயல்பாடுகள் உற்சாகம் தரலாம், ஆனால் கணக்கு என்னவோ நோட்டில் எழுதி எழுதித்தான் வரும்' என்று, சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். முப்பத்தைந்தை 305 என்று எழுதும் பிள்ளைகள் வருடா வருடம் வருவார்கள். காதில் விழுவதை அப்படியே எழுதுகிறார்கள்: முதலில் முப்பது, அப்புறம் ஐந்து. சுழித்துவிட்டுப் பத்து முறை எழுத வைத்தும் பார்த்தேன். மறுநாள் நாற்பத்திரண்டு 402 ஆனது. பிறகுதான் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டச் சொன்னேன். கட்டுகள் இடப்பக்கம், உதிரிகள் வலப்பக்கம். அடியில் எண்ணிக்கையை எழுதினால் 35 தானாக வந்து நிற்கும். கழித்தலுக்கும் அதே குச்சிதான்: 32-லிருந்து 7 எடுக்க ஒரு கட்டைப் பிரித்தால் போதும், யாரிடமும் 'கடன்' வாங்க வேண்டாம் (அந்தச் சொல்லே பாதிக் குழப்பம்). கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதெல்லாம் கூச்சலாகிவிடும் என்கிறார். ஆகும்தான். நாலு பேருக்கு ஒரு குவியல் என்று கொடுத்துப் பாருங்கள், அந்தக் கூச்சலில் பாதி 'உன் கட்டுல ஒம்பதுதான் இருக்கு, எண்ணிப் பாரு' என்கிற சண்டையாக இருக்கும்.