டோரோ என்றால் போர்ட் மட்டும் அல்ல

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கைப் பற்றிய கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே விளைவதெல்லாம் இனிப்பான போர்ட் ஒயினுக்குத்தான் என்பது போல எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. போர்ட் பெரியதுதான், மறுக்கவில்லை. நொதிக்கும்போதே பாதியில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நிறுத்திவிடுவதால் இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. 1756லேயே இந்தப் பகுதிக்கு எல்லை வகுத்ததும் அந்த ஒயினுக்காகத்தான்.

ஆனால் அதே திராட்சைகளை முழுக்க நொதிக்கவிட்டு இனிப்பில்லாத சிவப்பு ஒயினும் செய்கிறார்கள். அந்த வகையில் பெயர்பெற்ற டோரோ சிவப்பு ஒயினான பார்கா வெல்யாவின் முதல் ஒயின் 1952ஆம் ஆண்டு அறுவடை, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அங்குள்ள திராட்சை வகைகளில் தூரிகா நாசியோனால் பழம் சிறியது, காய்ப்பும் குறைவு, ஆனால் நிறமும் மணமும் துவர்ப்பும் அதில்தான் அடர்த்தி. அப்புறம் தூரிகா பிராங்கா, ஸ்பெயினில் டெம்ப்ரானியோ என்று சொல்லும் டின்டா ரோரிஸ், வெள்ளையில் ரபிகாட்டோ, வியோசின்யோ. பழைய தோட்டங்களில் இவையெல்லாம் ஒரே வரிசையில் கலந்தே நிற்கும், ஒன்றாகவே பறித்து ஒன்றாகவே நொதிக்க வைப்பார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கலவைதான்.

மண் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, தகடு தகடாகப் பிளக்கும் பாறைதான், அந்தப் பிளவுகளில் வேர் ஆழமாக இறங்கித் தண்ணீர் தேடுகிறது. செங்குத்தான படிக்கட்டு நிலங்களில் இயந்திரம் ஏறாது, கையால்தான் பறிக்க வேண்டும். இந்த ஒயின்களின் விலையைப் பற்றிக் குறைபடும் நண்பர்கள் இந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.