மந்திரித்த பொருள்களை நம் கையாலேயே அடக்கம் செய்வோம்

ஏதாவது ஒரு கோயிலில் மாதா கெபிக்கு (குகை வடிவப் பீடத்துக்கு) பின்பக்கம் போய்ப் பாருங்கள். கண்ணாடி உடைந்த திரு இருதய ஆண்டவர் படம், கை போன அந்தோனியார் சுரூபம் (சிலை), அறுந்த செபமாலை, காலியான வேளாங்கண்ணி எண்ணெய் பாட்டில் எல்லாம் சுவரோரமாகக் கிடக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். குரு ஆசீர்வதித்து மந்திரித்த பொருள்கள் என்பதால் குப்பையில் போட மனசு வரவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் பயம், "உடைஞ்ச சுரூபம் குடும்பத்துக்கு ஆகாது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கோயில் காம்பவுண்டுக்குள் வைத்தால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறோம். அந்தப் படம் மழையில் ஊறி, கரையான் அரித்து, கடைசியில் கோயிலைக் கூட்டும் அம்மா கண்ணாடிச் சில்லோடு சேர்த்து அள்ளுகிறார். நாம் செய்யத் தயங்கிய காரியத்தை அவர் தலையில் கட்டிவிட்டோம். இதை மரியாதை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இதில் நம்மைப் பயமுறுத்தவே இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1171ஆம் எண், மந்திரித்த பொருள்கள் தனியார் கையில் இருந்தாலும் மரியாதையோடு நடத்தப்பட வேண்டும், தகாத காரியத்துக்குப் பயன்படக் கூடாது என்கிறது. எப்படி அப்புறப்படுத்துவது என்று அதில் இல்லை. எரிக்கக்கூடியதை எரித்துச் சாம்பலை மண்ணில் சேர்ப்பது, எரியாததைப் புதைப்பது என்பது வழிவழியாக வந்த பழக்கம். அதற்கு முந்தைய 1917ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவாகவே சொன்னது: ஒரு பொருள் தன் உருவத்தை இழந்து, அது எதற்காக இருந்ததோ அதற்கு உதவாமல் போனால் மந்திரிப்பும் போய்விடும். பொதுவில் விற்பனைக்கு வைத்தாலும் அப்படித்தான். ஆகவே பித்தளைப் பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவத்தை) பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். தேவைப்படுகிற இன்னொரு வீட்டுக்கு அதைச் சும்மா கொடுக்கலாம், அதில் தடையில்லை.

இதற்குச் சாமியார் வர வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மந்திரிக்கத்தான் குரு வேண்டும். புதைக்க நாமே போதும். பிள்ளைகளைக் கூட்டி வைத்து, ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள் நிறை மந்திரமும் சொல்லி, கால் படாத இடத்தில் குழி தோண்டினால் சரி. பாட்டி எத்தனையோ வருஷம் உருட்டிய செபமாலையை அப்படி அடக்கம் செய்வதைப் பார்க்கிற பிள்ளைக்கு, அந்தப் பொருளுக்கு நம் வீட்டில் என்ன இடம் இருந்தது என்பது தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் செபமாலையில் ஒரு கண்ணி விட்டுப்போனதற்காகப் புதைத்துவிடாதீர்கள், கம்பியால் கோத்துக்கொள்ளலாம். வியர்வையில் இற்றுப்போன உத்தரியத்தை (கழுத்தில் அணியும் மந்திரித்த துணித் துண்டை) எரித்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். முதல் முறை முறைப்படி பெற்றுக்கொண்டவர்கள் அடுத்தடுத்த உத்தரியங்களை மறுபடி மந்திரிக்க வேண்டியதில்லை. பழைய தீர்த்தத்தைச் செடியின் வேரில் ஊற்றுங்கள், கழுவுதொட்டியில் வேண்டாம். மெழுகுதிரி மீதியை வீட்டுப் பீடத்திலேயே எரிய விடுங்கள். பிளாஸ்டிக் செபமாலையையும் லூர்து மாதா உருவத்தில் வருகிற தண்ணீர் பாட்டிலையும் மட்டும் எரிக்கவே கூடாது, அந்தப் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும்.

சுரூபம்தான் மனதைப் பிசையும். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுரூபங்கள். கடலில் விட்டால் கரைந்துவிடும் என்று நம்புகிறார்கள். அது லேசில் கரையாது, மேலே பூசிய பெயின்ட் தண்ணீரைத்தான் கெடுக்கும். முகம் தேய்ந்த மாதா கரையில் ஒதுங்கி மிதிபடுவதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு வேதனை என்று தெரியும். சுத்தமான துணியில் சுற்றிப் புதையுங்கள். பெரிய சுரூபமாக இருந்து துண்டாக்க வேண்டி வந்தாலும் பயப்படாதீர்கள், அவமதிக்கும் எண்ணம் இல்லாதபோது அது பாவமாகாது. விவிலியத்தில் மக்கபேயர் முதல் நூலின் நான்காம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். வேற்றினத்தார் தீட்டுப்படுத்திய எரிபலிப் பீடத்தை யூதா மக்கபேயும் அவன் ஆட்களும் இடித்தார்கள். இடித்த கற்களை வீசி எறியவில்லை, கோயில் மலையிலேயே தகுந்த ஓர் இடத்தில் வைத்தார்கள்.

மந்திரிக்காத படங்களின் தொல்லை இதைவிடப் பெரிது. கல்யாணப் பத்திரிகை, நினைவு அட்டை, பங்கு (நம் பகுதிக் கோயில்) காலண்டர், மெழுகுதிரி அட்டைப்பெட்டி என்று எல்லாவற்றிலும் ஆண்டவர் முகம். இவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டால் குற்றமில்லை. மனசு கேட்காவிட்டால் படத்தை மட்டும் வெட்டி எரித்துவிடுங்கள். அச்சடிக்கிறவர்களிடம் நான் கேட்பது, பந்தி முடிந்ததும் கீழே விழப்போகிற காகிதத்தில் அந்த முகம் எதற்கு? ஒரு சின்னச் சிலுவை போதாதா?

மண்ணே இல்லாத வீடுகளுக்கு என்ன வழி? சென்னையில் நாலாவது மாடியில் இருப்பவர் எங்கே குழி தோண்டுவார்? பங்குகள் கைகொடுக்க வேண்டியது இங்கேதான். தவக்காலத்துக்கு முன்பு பழைய குருத்தோலைகளைச் சேகரிக்கிறோம். ஒரு வருஷம் நம் வீட்டுப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலைதான் எரித்த சாம்பலாகச் சாம்பல் புதனன்று நம் நெற்றிக்கு வருகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஓலை சேகரிக்கிற ஞாயிறே அந்த ஓலைப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்து, சேர்ந்ததையெல்லாம் கல்லறைத் தோட்டத்து மூலையில் ஒரே குழியில் செபத்தோடு அடக்கம் செய்யலாமே. செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிவிட்டுக் கொண்டுவரச் சொல்லி முந்தின ஞாயிறு ஓர் அறிவிப்பு, குழி தோண்ட இளைஞர் இயக்கத்திலிருந்து இரண்டு பேர். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் எங்கள் பங்கில் இதைக் கேட்கப்போகிறேன். உங்கள் பங்கில் ஏற்கெனவே நடக்கிறதென்றால் எப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவும்.