கையில் எவ்வளவு, காலில் எவ்வளவு?

மார்கழி மாதம் எங்கள் தோட்டத்தில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று மலையகத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாசலில் நின்றால் எதிரே உள்ள லயத்து வரிசை வீடுகள் தெரியாது. வாயைத் திறந்தால் புகை வரும். 2022 மார்கழியில், அந்தக் குளிரில், பால் குடித்துக்கொண்டிருந்த என் 12 நாள் மகளின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. "கம்பளி கூடிப்போச்சு, ஒன்ன எடுத்துரு தாயி" என்றார் என் மாமியார். எடுத்தேன். துடைத்தேன். மறுபடியும் வேர்த்தது. இரண்டு மடக்குக் குடிப்பாள், விடுவாள், மூச்சு வாங்குவாள், கண்ணை மூடிக்கொள்வாள். சமத்துப் பிள்ளை, அழுது தொந்தரவு கொடுப்பதே இல்லை என்று லயமே சொன்னது.

அழத் தெம்பில்லாமல்தான் அவள் அழவில்லை. 19ஆவது நாள் போய்விட்டாள்.

இத்தனை நாளாக இதை இங்கே எழுதியதில்லை. போன கிழமை, என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம். "டீச்சர், உங்க பாப்பாவுக்கு நடந்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில நான் என்னா கேக்கணும்?" என்றாள். பிறந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்புமுன் கையிலும் காலிலும் ஒட்சிசன் பார்க்கும் பரிசோதனையைப் பற்றி அவளுக்குச் சொன்னதைத்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுகப்பிரசவம். 2 கிலோ 900. பிறந்ததும் நன்றாக அழுதாள். இடது கையில் பி.சி.ஜி. ஊசி போட்டார்கள், நிறை பார்த்துக் கொப்பியில் எழுதினார்கள், ஒரு டொக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு எல்லாம் சரி என்றார். வார்டில் அன்று நல்ல கூட்டம். மறுநாள் பகலே டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த டொக்டர் மீது எனக்குக் கோபம் இல்லை. என் மகளுக்கு இருந்த கோளாறில் குழாய் வைத்துக் கேட்டாலும் பல நேரம் இரைச்சல் கேட்காது என்று பிறகுதான் எனக்கே தெரிந்தது.

என்ன கோளாறு? நுரையீரலில் ஒட்சிசன் ஏற்றிக்கொண்ட இரத்தம் நான்கு நாளங்கள் வழியாக இதயத்தின் இடது மேல் அறைக்கு வரவேண்டும். அங்கிருந்துதான் உடம்பு முழுக்கப் போகும். என் மகளுக்கு அந்த நான்கு நாளங்களும் இடது பக்கம் வந்து சேரவே இல்லை. சுற்றிப் போய் வலது பக்கத்தில் திறந்திருந்தன. நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவைதான் அவள் உடம்புக்குப் போனது. வயிற்றுக்குள் இருந்தவரை அதனால் பாதகமில்லை. ஒட்சிசன் என்னிடமிருந்து தொப்புள்கொடி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கொடியை வெட்டிய நிமிஷத்திலிருந்து அவள் பாடு தொடங்கியது.

இதற்கு ஆபரேஷன் இருக்கிறது. அந்த நாளங்களை இடது அறையோடு சேர்த்துத் தைப்பார்கள். நேரத்தோடு செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்து, மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடியாடி வளர்கிறார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

"ஸ்கேன் எடுக்கலயா?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! எடுத்தேன். கிளினிக் ஒன்றைக்கூட விடவில்லை. இந்தக் கோளாறு வயிற்றில் இருக்கும்போது ஸ்கேனில் பிடிபடுவது மிகவும் கஷ்டம். கர்ப்பமாக இருந்தபோது நான் பச்சைத்தண்ணீரில் குளித்தேன், கிரகணத்தன்று வெளியே போனேன் என்றெல்லாம் பேசியவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு தாயிடம் போய் அதைச் சொல்லாதீர்கள், அது போதும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கொரோனா காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஒரு சின்ன மெஷின், ஒட்சிசன் எவ்வளவு என்று காட்டுவது, அதே வேலையைச் செய்கிற கருவிதான் இந்தப் பரிசோதனைக்கும் வேண்டும். பிறந்த பிள்ளைகளுக்கென்று நாடா மாதிரிச் சுற்றி வைக்கிற முனை இருக்கிறது. அதை வலது கையில் ஒருமுறை, ஒரு காலில் ஒருமுறை வைத்துப் பார்ப்பார்கள். சிவப்பு வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வெளிச்சமும் தோலுக்குள்ளே போகும். ஒட்சிசன் உள்ள இரத்தமும் இல்லாத இரத்தமும் அவற்றை வேறுவேறு அளவில் உறிஞ்சும். அதை வைத்து மெஷின் ஓர் எண்ணைக் காட்டும். ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை, பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கலாம். சில நிமிஷ வேலை. பிறந்து 24 மணித்தியாலம் கழித்துப் பார்ப்பது நல்லது, எப்படியும் வீட்டுக்குப் போகுமுன் பார்த்துவிட வேண்டும். இரண்டு இடத்திலும் 95க்குக் குறையாமல், இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 3க்கு மேல் போகாமல் இருந்தால் சரி. 90க்குக் கீழே இருந்தால் உடனே டொக்டர் பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் ஒரு மணித்தியாலம் பொறுத்துத் திரும்பப் பார்ப்பார்கள்.

என் மகளுக்கு அதைச் செய்யவில்லை. நம் நாட்டு டொக்டர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை, செய்கிற ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. அன்று, அந்த வார்டில், என் பிள்ளைக்குச் செய்யவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண்ணால் பார்த்துத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. ஒட்சிசன் 80, 85 என்று இறங்கும்வரை அனுபவப்பட்ட கண்ணுக்குக்கூட நீலம் பிடிபடுவதில்லை. நம் பிள்ளைகளின் நிறத்தில் அது இன்னும் கஷ்டம். "பாப்பா கொஞ்சம் கறுத்து வருது, அப்பன் நிறம்" என்று எங்கள் வீட்டில் சிரித்தோம். நாக்கைப் பார்த்திருக்க வேண்டும், உதட்டின் உள்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். நிறம் எதுவானாலும் நாக்கு சிவந்திருக்க வேண்டும் என்று அப்போது எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அப்புறம், மலையகத்தில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. இங்கே பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் எல்லோர் வாயிலும் வருகிற முதல் வார்த்தை 'சளி'. குளிர் ஊர், பனி, ஈரச் சுவர். 14ஆம் நாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சளி என்றார்கள். 16ஆம் நாள் டவுனில் காசு கொடுத்துக் காட்டினோம். அங்கேயும் சளி. வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் மட்டும் நிறையைப் பார்த்துவிட்டு முகம் மாறினார். பிறந்தபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. "இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அப்போது 18ஆம் நாள். 1990 அம்புலன்சுக்கு அடித்தோம், வந்தார்கள், நல்ல பிள்ளைகள், வழி முழுக்க ஒட்சிசன் வைத்துக்கொண்டு வந்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் இறக்கி, அங்கிருந்து வேறொரு அம்புலன்சில் ஏற்றி, கினிகத்தேனை வளைவுகள், நாவலப்பிட்டி, கம்பளை. அந்தப் பாதையில் இப்போது பஸ்ஸில் போனாலும் நான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் காலில் அந்த நாடாவைச் சுற்றினார். 70. கையில் 71. பத்து நிமிஷத்தில் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற எக்கோ மெஷின் வந்தது. தாளில் இதயத்தின் படம் போட்டு, தமிழில் சொல்லி விளங்க வைத்தவரும் அவர்தான். கொழும்புக்கு அனுப்பும் அளவுக்கு அவள் உடம்பு தேறட்டும் என்று இரவெல்லாம் பார்த்தார்கள். தேறவில்லை.

என்னை விடாமல் துரத்துகிற ஒரு யோசனை உண்டு. அவள் இரண்டு நாள் முந்திப் போயிருந்தால், சளிக் காய்ச்சல் என்றுதான் எழுதியிருப்பார்கள். நாங்களும் அதையே நம்பியிருப்போம். என் அம்மாயி தன் மூத்த பிள்ளையை 20 நாளில் பறிகொடுத்தவர். "மூச்சு வாங்கிச்சு, காத்துச் சேட்டைன்னாங்க" என்பார். அது என்னவாக இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தேயிலை மலைகளுக்குப் பக்கத்தில், பெயர்ப் பலகை இல்லாத சின்னச் சின்னக் குழிமேடுகளில், எத்தனை சளி, எத்தனை இதயம்?

உலக அளவில் 100 பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒன்று இதயத்தில் ஏதோ ஒரு குறையோடு பிறக்கிறது. அவர்களில் சுமார் நான்கில் ஒரு பங்குக்கு அது உயிரைப் பறிக்கக்கூடிய குறை, முதல் வருடத்துக்குள் ஆபரேஷனோ வேறு சிகிச்சையோ தேவை. இது தோட்டத்துக்கு மட்டும் வருகிற நோய் இல்லை. அமெரிக்காவில் 2011இல் இந்தப் பரிசோதனையைப் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யச் சொன்னார்கள். கட்டாயமாக்கிய மாநிலங்களில் இப்படியான கடும் இதயக் குறைகளால் இறக்கும் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள் என்று 2017இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. மூன்றில் ஒரு பங்கு. சில நிமிஷத்துக்கு ஒரு நாடா சுற்றியதற்கு.

இந்த மெஷின் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த 2012 ஆய்வில், கடும் குறையுள்ள நான்கு பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்று பேரைத்தான் இது பிடித்தது. இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருநாடி சுருங்கிப்போகும் குறை இதில் தப்பிவிடக்கூடும். அதனால் எண் நல்லதாக இருந்தாலும், பால் குடிக்கையில் வேர்த்தால், தூங்கும்போதும் நிமிஷத்துக்கு 60க்கு மேல் மூச்சு ஓடினால், நிறை ஏறாவிட்டால், சளி என்று விட்டுவிடாதீர்கள். திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் கிடக்கும் விரல் மெஷினைப் பிள்ளைக்கு மாட்டிப் பார்த்து ஆறுதல் அடையவும் வேண்டாம். அது பெரியவர்கள் விரலுக்குச் செய்தது. எங்கள் அலுமாரியிலும் ஒன்று இருந்தது. அந்த 19 நாளும் அங்கேதான் இருந்தது.

இதைப் பற்றிப் பேசும்போது விஷயம் தெரிந்த சிலர் இரண்டு மறுப்புச் சொன்னார்கள். ஒன்று, மலை உயரத்தில் காற்று மெலிது, எண் கொஞ்சம் குறைவாகக் காட்டும், வீணாகப் பயம் கிளம்பும் என்பது. உண்மைதான், நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடங்களில் நல்ல பிள்ளையும் முதல் தடவை தவறுவது கொஞ்சம் கூடும். அதற்குத்தான் இரண்டாம் தடவை பார்க்கிறார்கள். இதயம் நன்றாக இருந்து எண் மட்டும் குறைந்த பிள்ளைகளில் பலருக்குக் கிருமித் தொற்றோ நுரையீரல் கோளாறோ இருப்பதும் தெரியவரும். அதையும் நேரத்தோடு கண்டுபிடித்தால் நல்லதுதானே.

மற்ற மறுப்பு என்னைத் தூங்கவிடவில்லை. "கண்டுபிடித்து என்ன செய்ய? கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷனுக்கு ஏற்கெனவே வரிசை நீளம்." அதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போன மனிதர். அவருக்கு என் பதில் இது. வரிசையில் நிற்காத பிள்ளையை யாரும் எண்ணுவதில்லை. எண்ணப்படாத பிள்ளைக்காக யாரும் இன்னொரு ஆபரேஷன் தியேட்டர் கட்டமாட்டார்கள், இன்னொரு டொக்டரைப் படிக்க வைக்கமாட்டார்கள். என் மகள் வரிசையில் கடைசியாகவாவது நின்றிருக்கலாம். அவளுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பி.சி.ஜி. போடாமல் நம் நாட்டில் ஒரு பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. தோட்டத்துப் பிள்ளையோ கொழும்புப் பிள்ளையோ, ஊசி ஒன்றுதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதே மாதிரி, கையில் எவ்வளவு, காலில் எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும் எழுதி, பார்த்தவர் கையெழுத்தும் போடாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் டிக்கட் வெட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும், போயா தினத்திலும், கூட்டம் நிறைந்த நாளிலும். எண் குறைந்தால் யாருக்கு ஃபோன் எடுப்பது, எக்கோ எங்கே, எந்த அம்புலன்ஸ் என்பதை அந்த வார்டின் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். மெஷினை மட்டும் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போவதால் பிள்ளை பிழைக்காது.

அதுவரை நாம்தான் கேட்க வேண்டும். "மிஸ், பாப்பாவுக்கு ஒட்சிசன் பார்த்தாச்சா? கையில எவ்வளவு, கால்ல எவ்வளவு?" சிங்களத்தில் கேட்க வேண்டியிருந்தால், "பபாட்ட ஒக்சிஜன் பெலுவாத?" கொப்பியில் இல்லாவிட்டால் நீங்களே பேனையால் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் ஏசுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது, டீச்சரான எனக்கே. போன வருடம் என் தங்கச்சியின் பிரசவத்தில் நான் கேட்டபோது அந்த நர்ஸ் மிஸ் ஏசவில்லை. நாடாவை எடுத்து வந்து சுற்றினார். கையில் 97, காலில் 98. நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. சொன்னதும் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளைக்கும் பார்த்தார்.

எங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கும் மாகாணப் பணிப்பாளருக்கும் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். தமிழ்ப் பிரதி தயார். சிங்களத்தில் நானே எழுதியிருக்கிறேன், பிழை இருக்கும், பார்த்துத் திருத்தித் தரக்கூடியவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் நிறுவை நேரத்தில் கொழுந்து மடுவத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்கப் போகிறேன். பக்கத்துத் தோட்டங்களிலும் யாராவது இதைச் செய்வதென்றால் பிரதி அனுப்பி வைக்கிறேன்.