தூரத்தைச் சொல்லுங்கள், வழி எதற்கு?

ஓட்டத்தைப் பதிவு செய்து மற்றவர்களுக்குக் காட்டும் ஸ்ட்ராவா போன்ற செயலியில், பத்து கிலோமீட்டர் ஓடினேன் என்று போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன், கடைசி இரண்டு கிலோமீட்டர் நாக்குத் தள்ளிவிட்டது என்றும் போடுங்கள், நானே வந்து லைக் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு வளைந்து வளைந்து போகிறதே, எந்தத் தெருவில் கிளம்பி எந்த முனையில் திரும்பி எத்தனை மணிக்கு எங்கே வந்து நின்றீர்கள் என்று அப்படியே ஒப்பிக்கும் அந்த மேப், அது யாருக்காக? பாராட்ட வருகிறவர் பார்ப்பது தூரம், நேரம், பேஸ் (ஓடிய வேகம்), அவ்வளவுதான். பாதை உங்களுக்குத் தேவை, உங்கள் பயிற்சியாளருக்குத் தேவைப்படலாம். இவர்களைத் தவிர வேறு ஒருவர் உட்கார்ந்து அதைப் பொறுமையாகப் பெரிதுபடுத்திப் பார்க்கிறார் என்றால், அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஓடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ஷூவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். முழங்கால் வலி, வாட்ச் பேட்டரி, இதயத்துடிப்பு ஸோன், எல்லாம் பேசுவோம். செயலியின் பிரைவசி செட்டிங்ஸ் பக்கம் போனீர்களா என்று யாரும் கேட்பதில்லை. அது ஏதோ பயந்தவர்களுக்கான விஷயம் என்று ஒரு நினைப்பு. "நான் என்ன பெரிய ஆளா, என்னை யார் தேடப் போகிறார்கள்" என்பார்கள். தேடி வருகிறவன் பெரிய ஆளை மட்டுமே தேடுவான் என்று யார் சொன்னது? பிரிந்து போன துணை, வேலையிடத்தில் முறைத்துக்கொண்ட ஒருவர், பதில் போடாததால் கடுப்பான முகம் தெரியாத ஃபாலோயர், விலை உயர்ந்த சைக்கிள் எந்த வீட்டில் நிற்கிறது என்று பார்க்கிற திருடன். இவர்களுக்கு நீங்கள் பிரபலமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு நாள் மேப்பை வைத்து யாரும் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. ஆபத்து வருவது பல நாள் மேப்களை அடுக்கும்போதுதான். யாரோ ஒருவருடைய பப்ளிக் ப்ரொஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் 5:10, புதன் 5:14, வெள்ளி 5:09, மூன்றுக்கும் தொடக்கம் ஒரே இடம். அப்படியானால் அது வீடு. செவ்வாயும் வியாழனும் மாலை 6:30-க்கு வேறு ஓர் இடத்தில் தொடங்கி வீட்டில் முடிகிறது. அப்படியானால் அந்த இடம் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், இரண்டே கால் மணி நேரம், அந்த நேரம் வீட்டில் அவர் இல்லை. நடுவில் ஒரு வாரம் ஓட்டங்கள் எல்லாம் வேறு ஊரில், வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் நாலாவது கிலோமீட்டரில் பேஸ் சட்டென்று விழுகிறது, அங்கே மேடோ, சிக்னலோ, தண்ணீர் குடிக்க நிற்கும் இடமோ இருக்க வேண்டும். இவ்வளவையும் கண்டுபிடிக்க ஹேக்கர் யாரும் வேண்டாம், ஒரு கப் காபி குடிக்கிற நேரம் போதும். ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர்தான் இதில் அதிகம் மாட்டுவார் என்பதுதான் கொடுமை. சோம்பேறிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இது கற்பனை பயம் என்பவர்களுக்கு, ராணுவமே மாட்டிய கதை இருக்கிறது. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா ஒரு உலக ஹீட்மேப்பை வெளியிட்டது, 100 கோடிக்கும் மேற்பட்ட ஓட்டங்களும் சைக்கிள் பயணங்களும் சேர்ந்து ஒளிரும் வரைபடம். பெயர் எதுவும் அதில் கிடையாது. அடுத்த ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைப் பார்த்துவிட்டு, ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் சுற்றிலும் இருட்டாக இருக்கிற இடங்களில் மட்டும் பளிச்சென்று சின்னச் சின்ன வட்டங்கள் தெரிகின்றனவே என்று கேட்டார். முகாமுக்குள் சிப்பாய்கள் ஓடிய தடம் அது. அதே ஆண்டு ஜூலையில், ஓடுகிறவர்களுக்கான வாட்ச் செய்யும் போலார் நிறுவனத்தின் செயலியில் இதைவிட மோசம்: ஒருவர் 2014 முதல் செய்த பயிற்சிகளை எல்லாம் ஒரே வரைபடத்தில் பார்க்க முடிந்தது, பத்திரிகையாளர்கள் அதை வைத்து ராணுவம், உளவுத்துறை சம்பந்தப்பட்ட 6,000-க்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டார்கள். ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, களத்தில் இருக்கும் வீரர்கள் இருப்பிடம் காட்டும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவே போட்டது.

சரி, அதோடு எல்லோரும் பாடம் படித்தார்களா என்றால் இல்லை. 2024-இல் பிரான்ஸின் ல மோந்த் பத்திரிகை, அதிபர்களின் மெய்க்காப்பாளர்கள் ஸ்ட்ராவாவில் போட்ட ஓட்டங்களை வைத்தே அந்த அதிபர்கள் எங்கே தங்கப் போகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முடிந்ததைக் காட்டியது. பிரான்ஸ் அதிபர் மக்ரோன் 2021-இல் அதிகாரபூர்வ நிகழ்ச்சி நிரலில் இல்லாமல் சொந்தமாகப் போன ஒரு வார இறுதிப் பயணம்கூட அதில் வெளிவந்தது. ஆளைக் காப்பதையே தொழிலாகக் கற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால் நம்மைப் போன்றவர்களை என்ன சொல்வது.

இங்கே ஒருவர் உடனே வருவார்: "நான் வீட்டைச் சுற்றி மறைத்து வைத்திருக்கிறேனே." நல்லது, மறைக்காமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் விழும் தொடக்கத்தையும் முடிவையும் 200 மீட்டரில் ஆரம்பித்து 1.6 கிலோமீட்டர் வரை மறைக்க ஸ்ட்ராவா விடுகிறது, வாட்ச் நிறுவனமான கார்மினின் செயலியிலும் இதுபோன்ற மறைப்பு வட்டம் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி நிம்மதியாக இருப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், நீங்கள் 400 மீட்டர் மறைக்கிறீர்கள். திங்கட்கிழமை கோடு வட்டத்தின் வடக்கு ஓரத்தில் திடீரென்று முளைக்கிறது, புதன்கிழமை கிழக்கே, ஞாயிறு தெற்கே. மூன்று வெட்டுப் புள்ளிகள் கிடைத்துவிட்டால் வட்டத்தை வரைந்துவிடலாம், பள்ளிக்கூடக் கணக்குதான், வட்டம் வந்துவிட்டால் அதன் நடு எங்கே என்பதும் வந்துவிடும்.

அதனால்தான் சில செயலிகள் வட்டத்தின் மையத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கின்றன. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 2022-இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பிடித்த விஷயம் இது: கோட்டை மறைக்கிறார்கள், மொத்தத் தூரத்தை மறைப்பதில்லை. மேலே 5.4 கிலோமீட்டர் என்று எண் இருக்கிறது, மேப்பில் தெரியும் கோட்டை அளந்தால் 4.7 வருகிறது. அப்படியானால் மறைந்த பகுதி 700 மீட்டர். அந்தப் பகுதியில் இருக்கும் தெருக்களின் வரைபடத்தை எடுத்து, கோடு வெட்டுப்பட்ட இடத்திலிருந்து இத்தனை மீட்டர் ஓடினால் எந்த வாசலுக்குப் போக முடியும் என்று கணினியிடம் கேட்டால், பல நாள் ஓட்டங்களைச் சேர்த்துப் பார்த்து அது சொல்லிவிடுகிறது. மறைத்த இடங்களில் 85 சதவீதம் வரை இப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது என்றார்கள். வட்டம் பெரிதாக இருந்தால், தெருக்கள் நெருக்கமாக இருந்தால் கண்டுபிடிப்பது கடினமாகிறது. வீடுகள் குறைவாக உள்ள பகுதியில் சின்ன வட்டம் போட்டிருப்பவர் ஏறக்குறைய எதையும் மறைக்கவில்லை.

எனவே என் கட்சி எளிமையானது. வட்டம் கிட்டம் எல்லாம் விடுங்கள், மேப்பையே எடுத்துவிடுங்கள். ஸ்ட்ராவாவில் ஓட்டம் பப்ளிக்காக இருக்கும்போதே மேப்பை மட்டும் முழுசாக மறைக்கும் வசதி இருக்கிறது. தூரம், நேரம், பேஸ், படம் எல்லாம் இருக்கும், கைதட்டல் ஒன்றுகூடக் குறையாது. செக்மென்ட் லீடர்போர்டில், அதாவது ஒரு குறிப்பிட்ட தெருத் துண்டை யார் வேகமாக ஓடினார்கள் என்ற பட்டியலில், பெயர் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது, தெரியும். ஒரு மேட்டுத் தெருவின் பட்டியலில் பதினேழாவது இடத்துக்காகத் தினசரி நடமாட்டத்தை ஊருக்கே எழுதி வைப்பது எனக்கு அதிக விலையாகப் படுகிறது. உங்களுக்கு அப்படிப் படவில்லையென்றால் அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை மூடுங்கள்.

நீங்கள் மூடினாலும் உங்களோடு சேர்ந்து ஓடுகிறவர் மூடவில்லையென்றால் பிரயோஜனம் இல்லை, இதைப் பலர் யோசிப்பதில்லை. நாலு பேர் சேர்ந்து ஓடுகிறீர்கள், மூன்று பேர் ஜாக்கிரதை, நாலாமவர் எல்லாரையும் டேக் செய்து "வழக்கமான இடம், வழக்கமான கூட்டம்" என்று மேப்போடு போட்டுவிடுகிறார். அவரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். அப்புறம் படங்கள். ஓட்டம் முடிந்து வாசலில் வியர்வையோடு எடுத்த செல்ஃபியில் பின்னால் கதவு எண்ணும் வண்டியின் நம்பர் பிளேட்டும் தெரிந்தால் மேப்பை மறைத்து என்ன பயன். மாரத்தான் நடக்கும்போது பிப் நம்பர் (சட்டையில் குத்திக்கொள்ளும் போட்டி எண்) தெரிகிற படமும் அப்படித்தான், பல போட்டிகளில் அந்த எண்ணைப் போட்டால் பெயர், வயதுப் பிரிவு, நீங்கள் இப்போது எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறீர்கள் என்பது வரை இணையத்தில் வந்துவிடும். பிப் வாங்கிய அன்றே படம் போடாமல் போட்டி முடிந்தபின் போட்டால் என்ன குறைந்துவிடும்?

பெண்கள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் "தனியாக ஓடாதே, இருட்டில் ஓடாதே, பதிவே போடாதே" என்கிற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. எனக்கு அதில் சுத்தமாக உடன்பாடில்லை. 2024-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட பெண்களில் 68 சதவீதம் பேர் ஓடும்போது ஏதோ ஒரு வகைத் தொந்தரவைச் சந்தித்ததாகச் சொன்னார்கள், அவர்களில் போலீஸுக்குப் போனவர்கள் மிகவும் சொற்பம். தொந்தரவு செய்கிறவன் தெருவில் சுதந்திரமாக நிற்பான், இவர்கள் மட்டும் பாதையையும் நேரத்தையும் ஆசையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? ஓடுங்கள், பதிவும் போடுங்கள். செயலி உங்களைக் கேட்காமல் வெளியே கொடுப்பதை மட்டும் அதனிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது ஆண்களுக்கும் பொருந்தும், அவர்கள்தான் இதைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்.

லைவ் லொகேஷன் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. இருப்பிடத்தை யாருக்குமே காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காட்ட வேண்டியவருக்குக் காட்டியே ஆக வேண்டும். கீழே விழுந்தால், மயக்கம் வந்தால், ஒரு மணி நேரத்தில் வர வேண்டியவர் வரவில்லையென்றால், தேடி வர ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ராவாவின் பீக்கன், கார்மினின் லைவ்ட்ராக் எல்லாம் இதற்குத்தான் இருக்கின்றன, லிங்க்கை வீட்டில் ஒருவருக்கும் நம்பிக்கையான நண்பர் ஒருவருக்கும் அனுப்புங்கள். அந்த லிங்க்கைக் கொண்டுபோய் ஐம்பது பேர் இருக்கும் வாட்ஸாப் குரூப்பில் போடுகிறவர்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நம்மில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: ஓடி முடித்த பாதை ஊருக்கே தெரிகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கே இருக்கிறோம் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

செட்டிங்ஸை மாற்றப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு தகவல். இன்று மாற்றுவது இனிமேல் ஓடப்போவதற்குத்தான் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஓட்டங்கள் பெரும்பாலும் பழையபடியே திறந்து கிடக்கும். ஸ்ட்ராவாவில் பழையவற்றை மொத்தமாக மாற்றும் இடம் பிரைவசி பகுதியிலேயே தனியாக இருக்கிறது, ஹீட்மேப்புக்கு உங்கள் தரவைக் கொடுக்காமல் இருக்கும் சுவிட்சும் அங்கேதான். வாட்ச் ஒரே ஓட்டத்தை இரண்டு மூன்று செயலிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், ஒன்றில் மறைத்தது இன்னொன்றில் மறையாது, எப்போதோ ஒரு சேலஞ்சுக்காக இணைத்துவிட்டு மறந்துபோன செயலியில் எல்லாம் அப்படியே இருக்கும். எல்லாம் முடித்தபின் பிரவுசரில் லாக் அவுட் செய்துவிட்டு, முன்பின் தெரியாத ஆள் போல உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து பாருங்கள். எந்தத் தெருப் பெயராவது கண்ணில் பட்டால் திரும்பப் போய் அதையும் மூடுங்கள்.