குன்னூருக்கு ஒரு ஆடியோ நடை வேண்டும், ஆனால் துரைமார் கதை மட்டும் போதாது

மேல் குன்னூரில் பழைய டீ கிடங்குகளும் எஸ்டேட் பங்களாக்களும் ஒவ்வொன்றாக காபி கடையாகவும் ஹோம்ஸ்டேயாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஹெட்போன் மாட்டி நடந்தபடியே ஊரைக் கேட்கும் ஆடியோ நடைக்கு இது சரியான காலம். செய்யப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

முதலில் கதை. எந்தத் துரை எந்த வருடம் வந்தார், எந்தப் பங்களாவில் இருந்தார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய டீ ஃபேக்டரியின் மாடியில் அத்தனை ஜன்னல் ஏன் என்று சொல்லுங்கள். "பிரிட்டிஷ் கால அழகு" என்று கடைக்காரர்கள் போர்டு வைக்கிறார்கள். அழகுக்காக யாரும் அவற்றை வைக்கவில்லை. பறித்த கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதை மாடித் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, காற்றோட்டத்தில் 12 முதல் 18 மணி நேரம் வாட்டினால்தான் இலை துவளும், உருட்டும்போது நொறுங்காமல் முறுக்கும். வாடிய இலையைக் கீழே தள்ளிவிட்டால் போதும், சுமக்க வேண்டியதில்லை. அதனால்தான் வாட்டுவது மாடியில், உருட்டுவதும் சூளையில் காய வைப்பதும் தரைத்தளத்தில். மழை மாதங்களில் ஈரக்காற்று எவ்வளவு அடித்தாலும் இலை வாடாது. மின்விசிறி வைத்த வாட்டுத் தொட்டிகள் வந்ததும் இந்த மாடிகளின் தேவை குறைந்தது. நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து போட்டால் ஒரு கிலோ டீத்தூள். இதைக் கேட்டவர் அந்த ஜன்னலோரம் காபி குடிக்கட்டும், தப்பில்லை.

தொடக்கம் கீழ் குன்னூர் ரயில் நிலையமாக இருப்பது நல்லது. மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899இல், ஊட்டியைத் தொட்டது 1908இல். கல்லாறிலிருந்து இங்கே வரைக்கும்தான் பல் தண்டவாளம், அதாவது எஞ்சினின் பல்சக்கரம் கடித்து ஏறும் தண்டவாளம். நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். அதற்கு மேல் டீசல் எஞ்சின். காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டி பத்தரை வாக்கில் சேரும், எஞ்சின் மாற்றுவார்கள். நடையை அந்த நேரத்துக்குப் பொருத்துங்கள். அந்த இடத்தில் உங்கள் பதிவு வாயை மூடிக்கொள்ளட்டும், எஞ்சின் பேசட்டும்.

இனி தொல்லைகள். ஜிபிஎஸ்ஸை நம்பி, ஆள் அந்த இடத்துக்கு வந்ததும் பதிவு தானாகத் தொடங்கும்படி வைப்பது சமவெளிக்குச் சரி. இங்கே கொண்டை ஊசி வளைவில் மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் உயரத்தில்தான் வித்தியாசம். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக் கிடக்கும். போதாக்குறைக்கு மரமும் தடுப்புச் சுவரும் சிக்னலைக் கெடுக்கும். கீழே நிற்பவர் காதில் மேலே உள்ள சர்ச்சின் கதை ஓடும். பதிவு தானாகத் தொடங்கும் வட்டத்தைச் சின்னதாக்கிப் பயனில்லை. கேட்பவரே பொத்தானை அழுத்தட்டும். "படிக்கட்டு முடிகிற இடத்தில் நின்று மூன்றாம் பதிவைப் போடுங்கள்" என்று சொன்னால் போதும்.

இடது, வலது என்று சொல்லாதீர்கள். ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம் என்றால் யாருக்கும் குழப்பமில்லை. "எதிரே தெரியும் மலை" என்பதும் கூடாது, பாதி நாள் மூடுபனியில் எதிரே ஒன்றுமே தெரியாது. ஏறும்போது கதை வேண்டாம், மூச்சு வாங்குகிறவர் காதில் எதுவும் ஏறாது. நிற்கும் இடத்தில் மட்டும் பேசுங்கள், ஒரு இடத்துக்கு இரண்டு நிமிடம், அதாவது 200 சொல்லுக்குள். அடுத்து எங்கே போவது என்பதைக் கடைசி வரியில் வையுங்கள், முதலில் சொன்னால் மறந்துவிடும்.

நடைபாதை இல்லாத வளைவுகளே அதிகம் என்பதால் ஒரு காதில் மட்டும் ஹெட்போன். அதற்காகவே மோனோவில், அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும்படி பதியுங்கள். 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு மணி நேரப் பதிவு 30 எம்பிக்குள் அடங்கும். நிலையத்திலேயே இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், வழியில் டவர் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். நிலையத்திலிருந்து சிம்ஸ் பூங்கா வரை சுமார் 3 கிலோமீட்டர், நின்று கேட்டு ஏற இரண்டு மணி நேரம் ஆகும். இருட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அந்தி சாய்ந்தால் காட்டெருமை ரோட்டுக்கு வரும் ஊர் இது.

யார் குரல் என்பதுதான் எனக்கு முக்கியம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்துவதற்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். அங்கே கொழுந்து பறித்தவர், நாலு ஏக்கர் வைத்திருக்கும் படகர் விவசாயி, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், இவர்கள் பேசட்டும். அனுமதி எழுத்தில் வாங்குங்கள், கூலி கொடுங்கள். வெளியில் பதிந்தால் மைக்குக்கு பஞ்சுறை போடுங்கள், இல்லையென்றால் காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும்.

கடைசி நிறுத்தத்தில் பச்சைத் தேயிலை விலையைச் சொல்லியே ஆக வேண்டும். கிலோவுக்கு எவ்வளவு என்று தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. அந்த அரை நிமிடத்தை மட்டும் தனி ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள், மாதம் பிறந்ததும் அதை மட்டும் புதிதாகப் பதிந்து ஏற்றிவிடலாம்.