சால்வை இருக்கட்டும், சாய்தளம் போடுங்க

கொடிநாள் விழாவில் இதைப் பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலியில் வந்திருக்கும் முன்னாள் ராணுவ வீரர் ஒருவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேடையில் வைப்பார்கள். சால்வை, கைத்தட்டல், போட்டோ. இறக்குவதற்கு அந்த நாலு பேரை மறுபடி தேட வேண்டும். ஒரு சாய்தளம் போட்டிருந்தால் மனிதர் தானே ஏறி, தானே இறங்கிப் போயிருப்பார். கேட்டால், "நாட்டுக்காக உழைச்சவர் சார், தூக்கறது எங்களுக்குப் பெருமை" என்பார்கள். தூக்கப்படுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

சக்கர நாற்காலிக்கு ஒருவரைக் கொண்டுவரும் காரணங்களில் ஒன்று முதுகுத் தண்டுவடத்தில் படும் அடி. தண்டுவடம் அடிபட்டால் கால் வராது என்பது மட்டும்தான் வெளியே தெரிகிறது. அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்ச்சி போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. சிறுநீர் முட்டுவது தெரியாது. உட்கார்ந்த இடத்தில் தோல் நசுங்கிப் புண்ணாவதும் தெரியாது. வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் கால் பட்டுக் கொப்புளம் வந்தால், சாயங்காலம் யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. ஆகவே நாலைந்து மணிக்கொரு தரம் குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் விளையாட்டு, வேலை என்ற பேச்சே.

முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானோரைக் கொன்றது படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். அதை மாற்றிக் காட்டியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பி இங்கிலாந்து போன யூத மருத்துவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவை அவர் பொறுப்பில் தொடங்கினார்கள். இரவு பகல் பார்க்காமல் இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதுதான் அவர் போட்ட முதல் சட்டம். அப்புறம்தான் வில்லும் பந்தும் வந்தன. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், முன்னாள் படையினர் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். பாராலிம்பிக்கின் தொடக்கம் அது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வில்லைப் பிடித்துக்கொள்கிறார்கள், புரட்டிப் படுக்க வைத்ததை விட்டுவிடுகிறார்கள்.

முரளிகாந்த் பெட்கர் விஷயத்திலும் அப்படித்தான். பாகிஸ்தானோடு நடந்த 1965 போரில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த ராணுவ வீரர், அதற்கு முன் பாக்ஸர். சிகிச்சையின் பகுதியாகத் தண்ணீரில் இறங்கியவர், 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். பத்மஸ்ரீ 2018இல் வந்தது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது இந்திப் படமும் வந்துவிட்டது, நல்லது. அவர் புனே டெல்கோ (இப்போதைய டாடா மோட்டார்ஸ்) கம்பெனியில் வேலை பார்த்தார் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. தங்கம் ஒரு நாள் சமாச்சாரம். காலையில் கிளம்பி வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குவது தினமும் நடக்க வேண்டியது.

புனே பக்கத்தில் கிர்க்கியில் இப்படி அடிபட்ட வீரர்களுக்காகவே ஒரு மறுவாழ்வு மையம் 1974 முதல் இருக்கிறது. விமானப்படையில் மிக் போர் விமானம் ஓட்டிய எம்.பி. அனில்குமார் அங்கேதான் வாழ்ந்தார். 1988இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. வாயில் பேனாவைக் கவ்வி எழுதப் பழகி, 2014இல் இறக்கும்வரை கட்டுரைகள் எழுதினார். போர்முனையில் அடிபட்டவரில்லை என்பதைக் கவனியுங்கள். தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பலருக்கு இதுதான் நிலை. வண்டி கவிழ்ந்திருக்கும், பயிற்சியில் விழுந்திருப்பார்கள். "குண்டு பட்டதா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் முகத்தில் மரியாதை ஒரு படி இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

பயிற்சியில் அடிபடும் கேடட்களின், அதாவது அதிகாரியாகப் பயிற்சி பெறும் பிள்ளைகளின், கதை இன்னும் மோசம். ஓடிஏ, என்டிஏ மாதிரி ராணுவப் பயிற்சி அகாடமிகளில் இடுப்பு உடைந்து, 'மெடிக்கல் போர்டு அவுட்' ஆகி, அதாவது உடல்தகுதி இல்லை என்று அனுப்பப்பட்டு, வீட்டுக்கு வரும் பையனை முன்னாள் படைவீரர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். 2025இல் உச்ச நீதிமன்றம் தானாகக் கையில் எடுத்த பிறகுதான் முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஹெச்எஸ் மருத்துவ வசதியையாவது இவர்களுக்கும் கொடுத்தார்கள். நம் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி ராமகிருஷ்ணன் படையில் சேரக்கூட இல்லை. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது பெங்களூரில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரால் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தை ஆய்க்குடியில் தொடங்கினார். ஆய்க்குடிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

ஆனால் எல்லோரும் கிர்க்கியிலோ ஆய்க்குடியிலோ இருக்க முடியாது. வீடு என்று ஒன்று இருக்கிறதே.

எங்கள் வேலூர்ப் பக்கம் மிலிட்டரிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. தெரிந்த அண்ணன் ஒருவர், ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்தவர், மலைப்பாதையில் லாரி உருண்டு முதுகு உடைந்தது. பென்ஷன் வருகிறது, மருந்து வருகிறது. ஆனால் பாத்ரூம் கதவு இரண்டு அடி, நாற்காலி அதைவிட இரண்டு அங்குலம் அகலம். அண்ணிதான் இழுத்துப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து உள்ளே கொண்டு போவார். "கால் போனதுகூடப் பழகிடுச்சு தம்பி. பாத்ரூம் போகணும்னா அவளைக் கூப்பிடணும் பாரு, அதுதான் பழகல" என்றார். நூறு சதவீத ஊனம் உள்ளவருக்கு உதவியாள் படி என்று ஒன்று உண்டு. ஏழாவது ஊதியக்குழு வைத்தது மாதம் 6,750 ரூபாய், அகவிலைப்படியோடு கொஞ்சம் கூடும். அந்தக் காசுக்கு ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்க வைக்க யார் வருவார்? அண்ணிதான். அவர் இடுப்பும் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் வீட்டை மாற்றிக் கட்டவே அரசு மானியம் தருகிறது. இங்கேயும் அந்தப் பணம் பென்ஷன் மாதிரி தானாக வர வேண்டும், யாரும் மனுப் போட்டு அலையக் கூடாது.

கடைசியில் அண்ணனின் யூனிட் ஆட்கள் வீட்டை மாற்றப் பணம் போட்டார்கள். மேஸ்திரி முதலில் போட்டது, வீட்டுக்கு வீடு பைக் ஏற்றப் போடுகிறோமே, அந்தச் சரிவு. அதில் நாற்காலியில் ஏறினால் பின்பக்கமாகக் குடை சாய்வது நிச்சயம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடிப் படிக்குப் பதினெட்டு அடி. அவ்வளவு இடம் முன்னால் இல்லை, பக்கவாட்டில் திருப்பி எல் மாதிரி கொண்டு வந்தோம். பாத்ரூம் சுவரை உடைத்து மூன்றடிக்கு இழுப்புக் கதவு. நாற்காலி மட்டும் பழைய ஆஸ்பத்திரி இரும்பு, தனியாளாக ஆட்டோவில் ஏற்ற முடியாது. சென்னை ஐஐடியில் 2025இல் ஒன்பது கிலோவில் ஒரு நாற்காலி கொண்டு வந்திருக்கிறார்கள். அதை வாங்கித் தர ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அண்ணன் காலையில் டீக்கடைக்குப் போகிறார், தானாக. நவம்பர் வந்தால் அவர் வாசலில் கூட்டம். சுற்றுவட்டாரத்துப் பென்ஷன் கிழவிகளுக்கெல்லாம் போனிலேயே உயிர்வாழ் சான்று போட்டுக் கொடுப்பது அவர்தான். யாரையாவது முகம் கேமராவில் சரியாக விழவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பார்.

உங்கள் தெருவில் இப்படி யாராவது இருந்தால் முதலில் பாத்ரூம் கதவை அளந்து பாருங்கள். எங்கள் மேஸ்திரிக்கு இப்போது சரிவு கணக்கு அத்துப்படி, நம்பர் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள்.